பற்றாத குச்சி, அணையாத குச்சி

"நான்தாங்க எரிச்சேன். இன்னொரு தடவை சொல்லணுமா?" என்றார் காட்சியகக் காப்பாளர்.

"சொல்லுங்க. முதல் தடவை பாதியிலேயே மூச்சு வாங்கிட்டீங்க. முழுசா காதுல விழல" என்றார் என் மாமியார்.

காப்பாளர் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். "நேத்து மத்தியானம்... உள்ள உக்காந்து... சிகரெட் பிடிச்சேன். நெருப்பு மீசை மேல... விழுந்துருச்சு. அவ்வளவுதாங்க."

"கேட்டீங்களா?" முதலாளி குதித்தார். "சொல்லும்போதே எப்படி இரைக்குது பாருங்க! தப்பு பண்ணவனுக்குத்தான் இப்படி வாங்கும்!"

"மாடி ஏறி வந்தவங்களுக்கும் வாங்கும். எனக்கே வாங்குது, நான் இன்னும் ஒரு தப்பும் பண்ணல" என்றேன்.

"பையைப் பிடிங்க மாப்ளே" என்றார் மாமியார். வாயை மூடு என்பதை அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார். மாப்பிள்ளைக்குத் தரவேண்டிய மரியாதையில் அத்தை கடைசிவரை குறை வைத்ததில்லை.

என் மாமியார் துப்பறிகிறவர், நான் அவருக்கு உதவியாள். சலவைக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் எங்கள் அலுவலகம். வேலை போய் வீட்டில் குந்தியிருந்தவனை, "சும்மா இருக்கிற நேரத்துக்கு என் பையைத் தூக்கிட்டு வாங்க" என்று ஒருநாள் கூட்டிப்போனார். அந்தப் பையை நான் அதன்பிறகு கீழே வைக்கவே இல்லை. அன்று காட்சியகத்து மாடி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தார். எதிரே வெறும் சுவர். "என்ன அத்தை தெரியுது?" என்று கேட்டதற்கு, "சுவர்தான். நல்லா பூசியிருக்கான்" என்றார்.

மேலே இருந்தது மயிர்க் காட்சியகம். முதலாளியின் தாத்தா நாடகக் கம்பெனி நடத்தியவர். அந்தக் கம்பெனியின் ஒட்டுத்தாடி, டோப்பா, முனிவர் சடை, அரக்கன் புருவம் எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து, மறுநாள் பொதுமக்களுக்குத் திறந்துவிட இருந்தார் பேரன். அவற்றின் நடுநாயகம் ராஜ மீசை. தாத்தா அரசர் வேடம் கட்டும்போது ஒட்டிக்கொண்டது. அது மேடைக்கு வந்த பிறகுதான் தாத்தா வருவாராம். தெருவெல்லாம் அதன் படம்தான் ஒட்டியிருந்தது. முதலாளிக்கு மீசை முளைக்காது என்பதால் அந்த மீசை மேல் அவருக்கு இருந்த பாசம் கொஞ்சநஞ்சமல்ல.

முந்தின நாள் மாலை, பூட்டிய அறைக்குள், மேசைமேல் ஒரு தட்டில் அது சாம்பலாகக் கிடந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு சுருள் மிச்சம்.

"காப்பாளர் ஒத்துக்கிட்டாரே, அப்புறம் எதுக்கு எங்களைக் கூப்பிட்டீங்க?" என்றார் அத்தை.

"சாட்சிக்கு. வெளியாள் முன்னாடி சொன்னாத்தான் செல்லும்னு வக்கீல் சொன்னாரு. இப்ப சொல்லிட்டான் இல்ல?" முதலாளி திரும்பினார். "கணக்கரே! போலீசுக்குப் போன் போடும்!"

மூலையிலிருந்த கணக்கர் எழுந்தார். தோள் இரண்டும் காதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒடுங்கிய மனிதர். முகத்தில் கண்ணுக்குக் கீழே முழுக்க முகக்கவசம். ஜலதோஷமாம்.

காப்பாளர் பதறிப்போனார். "முதலாளி... ஒத்துக்கிட்டா போலீஸ் வேணாம்னு... கீழ டிக்கெட் கவுண்டருக்கு மாத்துறேன்னு... சொன்னீங்களே!"

"ஒத்துக்கிறதுக்கு முன்னாடி சொன்னது அது. இது பின்னாடி!"

அத்தை காப்பாளரைக் கொஞ்சநேரம் பார்த்தார். முகத்திலிருந்து கீழே இறங்கிய பார்வை கால்களில் நின்றது. மனிதர் செருப்பின் வாரைத் தளர்த்தி, குதிகாலை மிதித்தபடி நின்றிருந்தார். கணுக்கால் இரண்டும் ரொட்டி மாதிரி உப்பியிருந்தன.

"போலீஸ் வர்றதுக்குள்ள நான் அந்த அறையைப் பாக்கலாமா?"

"தாராளமா."

அறைக்கு இரட்டைக் கதவு. இரண்டிலும் கண்ணாடி. உள்ளே பேசுவது வெளியேயும், வெளியே பேசுவது உள்ளேயும் கேட்க ஒலிபெருக்கி. பக்கத்தில் ஆள் உயர இயந்திரம் ஒன்று, இட்லிப் பானை போல் புஸ்புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"இது என்னங்க?"

"அதை ஏன் கேக்குறீங்க" என்று முதலாளி நெஞ்சில் அடித்துக்கொண்டார். "தாத்தா காலத்துல ஒருதரம் டோப்பா எல்லாம் தீப்பிடிச்சு, அரசவை முழுக்க மொட்டைத் தலையோட நாடகம் நடந்துச்சு. அதுக்குத்தான் தீயே பிடிக்காத மெஷின் வாங்கிப் போட்டேன். தீப்பிடிக்காத அறைக்குள்ள போய் தீ வச்சிருக்கான் பாருங்க! எவ்வளவு பெரிய கில்லாடி!"

அத்தை கதவில் ஒட்டியிருந்த ராஜ மீசைச் சுவரொட்டியின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். அடியில் இயந்திரக்காரர்கள் திருகி வைத்த பலகை ஒன்று எட்டிப் பார்த்தது. அறையில் ஆக்சிஜன் குறைக்கப்பட்டிருக்கிறது, நல்ல உடம்புக்காரர்கள் சிறிது நேரம் இருக்கலாம், இதய நோயும் நுரையீரல் நோயும் உள்ளவர்கள் நுழையக் கூடாது என்றது அது.

"இது மேல ஏன் சுவரொட்டி ஒட்டினீங்க?"

"திருகு துருத்திக்கிட்டு அசிங்கமா இருந்துச்சு."

அத்தை பலகையை இன்னொரு முறை படித்தார். வாசலிலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "மாப்ளே, நீங்க உள்ள போங்க. பையில தீப்பெட்டி இருக்கு."

"நீங்க வரலையா அத்தை?"

"கண்ணாடி வழியா நல்லாத்தான் தெரியுது."

போனேன். முதலில் ஒன்றும் தோன்றவில்லை, குளுகுளுவென்றுதான் இருந்தது. இரண்டு பெட்டிகளைத் தாண்டுவதற்குள் யாரோ என் சட்டைக்குள் புகுந்து எனக்குப் பதிலாக மூச்சு விடுவது போலிருந்தது. நான் கேட்காமலேயே நெஞ்சு ஏறி இறங்கியது. காதுக்குள் இதயம் தட்டியது. முனிவர் சடையைப் பார்த்தபோது காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது.

"மாப்ளே, சிரிக்காம குச்சியைக் கிழிங்க."

கிழித்தேன். மருந்துத் தலை மட்டும் சீறிக்கொண்டு ஒரு பொறி விட்டது. மரம் பற்றவில்லை. கறுத்த தலையோடு குச்சி செத்துப்போனது. அடுத்ததும் அப்படியே. சேர்த்துப் பிடித்து மூன்றைக் கிழித்தேன். மூன்றும் ஒரே குடும்பம் போல ஒன்றாகச் செத்தன.

"நமுத்த பெட்டியை வாங்கியிருக்கீங்க அத்தை!" என்று கத்தினேன். அந்த ஒரு வரிக்கு நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கியது.

"வெளிய வந்து கிழிங்க."

வெளியே முதல் குச்சியே ஜம்மென்று எரிந்தது.

எல்லோரும் அந்தச் சுடரையே பார்த்துக்கொண்டு நின்றோம். முதலாளிக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "அப்ப... மெஷின் வேலை செய்யுது!" என்று மகிழ்ந்து போனார்.

"செய்யுது. அதனால அந்த அறையில யாரும் சிகரெட் பத்த வச்சிருக்க முடியாது. மீசை எரிஞ்சது வேற எங்கயோ. சாம்பல் மட்டும்தான் உள்ள வந்திருக்கு" என்றார் அத்தை. "அதுவும் தட்டுல. கை தவறி நெருப்புல விழுற மீசை, தட்டு எடுத்துப் போட்டுக்கிட்டா எரியும்? யாரோ ரொம்ப ஒழுங்கான ஆளு. தரை குப்பையாயிடக் கூடாதுன்னு நெனச்சிருக்காங்க."

முதலாளி காப்பாளரிடம் பாய்ந்தார். "யோவ்! எரிக்காமலே ஏன்யா எரிச்சேன்னு சொன்னே?"

காப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார். "டிக்கெட் கவுண்டர்னு சொன்னீங்களே முதலாளி. அங்க ஃபேன் இருக்கு... ஜன்னல் இருக்கு. காத்து நல்லா... வரும்."

காற்று வாங்குவதற்காகக் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரே ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

"சாவி யார்கிட்ட இருக்கும்?" என்றார் அத்தை.

"சாப்பாட்டு நேரத்துல... ஆபீஸ் ஆணியில மாட்டிட்டு, பின்பக்கம் போய்... கொஞ்சம் உக்காந்துருவேன்."

ஆபீஸ் என்றால் முதலாளியும் கணக்கரும்தான்.

"நான் அந்த ரூமுக்குள்ள காலே வச்சதில்ல" என்றார் கணக்கர் முகக்கவசத்துக்குள்ளிருந்து. "வேர்வை வராத ரூம்னா எனக்கு ஜலதோஷம் பிடிச்சுக்கும்."

"ஏற்கெனவே பிடிச்சிருக்கே" என்றேன்.

"அது வேற ஜலதோஷம்."

"நான் என் தாத்தா மீசையை எரிப்பேனா? அந்த ரூமுக்குள்ள ரெண்டே ரெண்டு தடவைதான் போயிருக்கேன். ரெண்டு தடவையும் தாத்தா நெஞ்சுல ஏறி உக்காந்த மாதிரி இருந்துச்சு. பாசம் பாருங்க!" என்றார் முதலாளி.

அத்தை எழுந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தார். "மாப்ளே, அந்த நாடகச் சிம்மாசனத்துக் கைப்பிடியில வட்டமா என்ன கறை?"

மறுபடி உள்ளே போனேன். "டீ கிளாஸ் வச்ச தடம். புதுசு. ஒண்ணு மேல ஒண்ணா நிறைய இருக்கு."

"எதிர்ல?"

"கண்ணாடி. ஒப்பனைக் கண்ணாடி."

அத்தை தலையை ஆட்டிக்கொண்டார். அந்த ஆட்டல் எனக்குத் தெரியும். வீட்டில் சீட்டாட்டத்தில் என்னிடம் எல்லாவற்றையும் பிடுங்குவதற்கு முன்னால் ஆட்டுவது.

"நாளைக்குத் திறப்பு விழா. மீசை போயாச்சு, தாத்தாவோட குரலையாவது வைக்கலாம்" என்றார். "சுவர்ல அவர் வசனம் எழுதி மாட்டியிருக்கே. யார் நல்லா பேசுறாங்கன்னு பாப்போம். உள்ள போய் ஆளுக்கொரு தடவை, ஒரே மூச்சுல."

இந்த நேரத்தில் இது என்ன கூத்து என்று யாரும் கேட்கவில்லை. நாடகக்காரர் பேரனிடம் வசனம் பேசச் சொன்னால் கேள்வி கேட்பாரா? முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக நுழைந்தார். பின்னால் நான். கணக்கர் வரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டார். "வாய்யா!" என்று முதலாளி அதட்டியதும் தோளை இன்னும் ஒரு அங்குலம் ஏற்றிக்கொண்டு வந்தார். காப்பாளரை மட்டும் அத்தை கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

சுவரில் தங்க எழுத்தில் இருந்தது வசனம்.

"கடல் எம் காலைக் கழுவ, மலை எம் குடையைத் தாங்க, மேகம் எம் ஆணைக்குக் காத்துக் கிடக்க, காற்றும் எம் அனுமதி பெற்றே இந்நாட்டில் வீசும் என்று அறிந்திருந்தும், அமைச்சரே, எம் வாசலில் நின்று மூச்சு விட்டவன் எவன்?"

முதலாளி கையை உயர்த்தினார். "கடல் எம் காலைக் கழுவ, மலை எம்... குடையை... ஹா... தாங்க, மேகம்... இருங்க... மேகம்..." மேகத்தோடு நின்றுபோனார். சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினார். உதடு லேசாகக் கத்தரிப்பூ நிறத்துக்குப் போயிருந்தது.

என் முறை வந்தது. நான் மலை வரைகூடப் போகவில்லை. கடலிலேயே மூழ்கிவிட்டேன்.

"கணக்கரே" என்றது ஒலிபெருக்கி.

"எனக்கு வசனமெல்லாம் வராதுங்க. ஜலதோஷம்."

"பரவாயில்ல. சும்மா படிங்க."

கணக்கர் இருமினார். சுவரைப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். அங்கேதான் ஏதோ நடந்தது. காதைத் தொட்டுக்கொண்டிருந்த தோள்கள் மெதுவாக இறங்கின. வலது கால் தானாக முன்னால் வந்தது. வயிறு உள்ளே போய் மார்பு விரிந்தது.

"கடல் எம் காலைக் கழுவ! மலை எம் குடையைத் தாங்க! மேகம் எம் ஆணைக்குக் காத்துக் கிடக்க! காற்றும் எம் அனுமதி பெற்றே இந்நாட்டில் வீசும் என்று அறிந்திருந்தும், அமைச்சரே! எம் வாசலில் நின்று மூச்சு விட்டவன் எவன்!"

ஒரே இழுப்பில், சுவரைப் பார்க்காமல், முகக்கவசத்தைத் தாண்டி. பெட்டிகள் அதிர்ந்தன. கடைசியில் "எவன்" என்று என்னை நோக்கி விரல் நீட்டியபோது, நான்தான் என்று ஒப்புக்கொள்ளத் தோன்றியது.

"முதலாளி மேகத்துல நின்னாரு, மாப்பிள்ளை கடல்ல விழுந்தாரு" என்றது ஒலிபெருக்கி. "இந்த அறைக்குள்ள காலே வைக்காத மனுஷனுக்கு, மூக்கடைச்சு முகமூடி போட்டும் மூச்சு வாங்கல. புதுசா வர்றவங்களைத்தான் இந்தக் காத்து ஆட்டி வைக்கும். தினமும் வந்து போற உடம்பு, எப்ப எவ்வளவு இழுக்கணும்னு பழகிக்கும். எத்தனை மாசமா ராஜ்யம் நடக்குது, மகாராஜா?"

கணக்கரின் தோள்கள் காதுக்குத் திரும்பின.

வெளியே வந்ததும் அத்தை முகக்கவசத்தைக் கழற்றச் சொன்னார். மேலுதட்டில் இடது பாதி சிவந்து, களிம்பு பூசியிருந்தது. ராஜ மீசையின் இடது பாதி எப்படி வளைந்திருக்குமோ, அதே வளைவு.

"நாள் முழுக்க ‘யோவ், கணக்கரே'ன்னு அதட்டு வாங்குறேன்" என்றார் தரையைப் பார்த்து. "சாப்பாட்டு நேரத்துல மட்டும் கொஞ்சம் அரசரா இருந்தேன். அமைச்சருங்களை நல்லா திட்டுவேன். நேத்து ஒரு போர் ஜெயிச்சேன். அந்த சந்தோஷத்துல மீசையோடயே டீ போடப் போயிட்டேன். அடுப்பைக் குனிஞ்சு பாத்தேனா..."

"தாத்தா!" என்று முதலாளி அலறினார்.

"அணைக்கிறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அது ஏசி மெஷின்னுதான் நெனச்சேன் முதலாளி. எரிஞ்சது எரிஞ்சுபோச்சு, அதனோட இடத்துலயே வச்சிருவோம்னு..."

"தட்டுல" என்றேன்.

"தரை அழுக்காயிடும்ல."

முதலாளி கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. "அந்த ‘எவன்'... தாத்தா மாதிரியே இருந்துச்சுய்யா" என்றார். கையை இறக்கித் தீர்ப்புச் சொன்னார். "மீசையைத் தின்னவன் மீசை தரணும். உன் சொந்த மீசையை வளத்துக் குடு! நாளையிலேர்ந்து அரசரா வாசல்ல நில்லு!"

"இடது பக்கம் முளைக்குமான்னு டாக்டர் சந்தேகப்படுறாரு முதலாளி."

"அப்ப வலது பக்கம் மட்டும் காட்டி நில்லு!"

போலீசுக்குப் போன் போகவே இல்லை. போட வேண்டியவர் கணக்கர்தானே.

நான் பையை எடுத்துக்கொண்டேன். அத்தை நகரவில்லை. "மாப்ளே, ஒரு குச்சி கொளுத்தி இவர் வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடிங்க." காப்பாளரிடம் திரும்பினார். "உதட்டைக் குவிக்காம, வாயை ஆன்னு திறந்து வச்சு ஊதுங்க. அணையுதா பாப்போம்."

காப்பாளர் ஊதினார். சுடர் ஆடக்கூட இல்லை. தோளையும் கழுத்தையும் சேர்த்துக்கொண்டு மறுபடி ஊதினார். நெஞ்சுக்குள் எங்கோ ஒரு விசில் சத்தம் கேட்டது. சுடர் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. குச்சி என் விரல்வரை வந்துவிட்டது.

"பாத்தீங்களா? தப்பு பண்ண இரைப்பு இல்ல இது" என்றார் அத்தை முதலாளியிடம். அதுவரை இருந்த கிண்டல் அவர் குரலில் இல்லை. "காத்து போற குழாயெல்லாம் சுருங்கிக் கிடக்கு. இந்த நெஞ்சை வச்சுக்கிட்டுத்தான் தினமும் அந்த அறைக்குள்ள போய் சீவி, துடைச்சு, பெட்டி மூடியிருக்காரு. நுரையீரலுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த மூலைக்குக் காத்து சரியா வரலையோ, அங்க போற ரத்தத்தை நிறுத்தி, காத்து இருக்கிற மூலைக்குத் திருப்பிவிடும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனா அறை முழுக்கக் காத்து செத்துக் கிடந்தா? எல்லா மூலையையும் மூடும். மூடின வாசலை இதயம் முட்டி முட்டித் தள்ளும். தள்ளித் தள்ளி ஓஞ்சா, நீர் காலுக்கு இறங்கும். கீழ குனிஞ்சு பாருங்க."

முதலாளி குனிந்து பார்த்தார். பிறகு சுவரொட்டியைக் கிழித்தார், தாத்தா மீசையின் படம் என்றும் பாராமல். பலகை முழுதாகத் தெரிந்தது.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா... வீட்டுக்குப் போன்னு... சொல்லிருவீங்க. வீட்ல... நான் ஒருத்தன் சம்பாதிக்கிறதுதான்."

"டிக்கெட் கவுண்டர்" என்றார் முதலாளி. "இந்தத் தடவை பின்னாடியும் சொல்றேன், டிக்கெட் கவுண்டர்தான். ஃபேனை உன் பக்கமே திருப்பி வச்சுக்க."

காப்பாளர் கும்பிட்டார். பேசுவதற்கு மூச்சு மிச்சமில்லை.

படியில் இறங்குவது சுலபமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அத்தை முதல் திருப்பத்திலேயே நின்று ஜன்னலைப் பார்த்தார். நல்லா பூசியிருந்த அதே சுவர். எனக்கு அன்று கொஞ்சம் துப்பறியத் தெரிந்திருந்தது. பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தேன்.

"என்ன மாப்ளே, சிகரெட்டா? மக கிட்ட சொல்லிருவேன்."

"வாயை ஆன்னு திறந்து வச்சு ஊதுங்க அத்தை."

முறைத்தார். மாப்பிள்ளை என்பதால் திட்டவில்லை. குச்சியைக் கொளுத்தி ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன். ஊதினார். சுடர் ஒருமுறை தலையைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்து நின்றது.

"ஜன்னல் காத்து குறுக்க அடிக்குது" என்றார்.

"ஜன்னல் மூடியிருக்கு அத்தை."

அவர் ஜன்னலைப் பார்த்தார். குச்சியைப் பார்த்தார். "விரல் சுடப்போகுது, நீங்களே ஊதுங்க" என்றார். ஊதினேன், உடனே அணைந்தது.

"நல்ல மூச்சு மாப்ளே. வீணாப் பேசிச் செலவழிக்காதீங்க." கைப்பிடியைப் பிடித்து ஒரு படி இறங்கினார். திரும்பாமலேயே கேட்டார்.

"காப்பாளருக்கு நெஞ்சு டாக்டர்கிட்ட டோக்கன் போடணுமே, எப்ப போன் பண்ணப்போறீங்க?"

"இப்பவே அத்தை."

இன்னொரு படி இறங்கினார். நின்றார்.

"ரெண்டாப் போடுங்க."